கூட்டல் இரண்டரை

பேருந்தில் பதினொரு பேர்.
டொரண்டோவிலிருந்து வந்த ஏற்பாட்டாளர்
எல்லோருக்கும் ஒரே நீலத் தொப்பி கொடுத்திருந்தார்.
பெத்லகேம் தாண்டுவதற்குள்
தொப்பிகள் இருக்கைக்கு அடியில்.
எள் ரொட்டியும் தீர்ந்துவிட்டது.

"சமாதானம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம்
திர்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்,
ஹிக்மத் தொண்டையைக் கனைப்பார்.
அந்த ஒரு விஷயத்தில்
காலையிலேயே இருவருக்கும் உடன்பாடு.

நான் எருசலேமில், ஆர்மேனியர் தெருவில்
மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள்.
யாரைப் பார்த்தாலும்
மூக்கில் பதிந்த தடம்தான் முதலில் தெரியும்.

திர்சா சங்கீதப் புத்தகத்தைக்
கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.
எழுத்து கூடவில்லை.
அவர் கண்ணாடி ஹைஃபாவில், சமையலறை மேசைமேல்.
ஹிக்மத் தன்னுடையதைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து
ஒன்றும் சொல்லாமல் நீட்டினார்.
போட்டதும் திர்சாவின் புருவம் இறங்கியது.
எனக்குத் தெரிந்துவிட்டது.
இருவருக்கும் ஒரே எண், கூட்டல் இரண்டரை.

பிறகு முறை வைத்துக்கொண்டார்கள்.
ஒரு சங்கீதம், ஒரு சூரா.
இருவரும் வலமிருந்து இடமாகவே.

அவருடைய தம்பி ஏறிய பேருந்தைப் பற்றியும்
இவருடைய அக்காள் மகன் நின்ற சாவடியைப் பற்றியும்
நேற்றிரவே பேசியாகிவிட்டது.
பேசி முடித்ததும்
யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
ஹிக்மத் வெளியே போய்ப் புகைத்தார்.
திர்சா அதே தேநீரில்
மூன்றாம் முறை சர்க்கரை போட்டார்.

ஹெப்ரோன் என்பார் ஒருவர், அல்-கலீல் என்பார் மற்றவர்.
இரண்டு பெயருக்குள்ளும் நண்பன் என்ற சொல் இருக்கிறதாம்.
தெருவில் அது தட்டுப்படவில்லை.

ஆபிரகாம் ஒருவர்தான், வாசல் இரண்டு.
இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் கம்பி,
நடுவில் குண்டு துளைக்காத கண்ணாடி.
என் தொழிலில் அதற்கு எண் கிடையாது.
தகப்பனை இரண்டு பிள்ளைகளும்
சேர்ந்துதான் அடக்கம் செய்தார்கள்.
பங்காளிகள்
சுவர் அளக்கத் தொடங்கியதெல்லாம் அப்புறம்.

பிரிந்து போகையில்
கண்ணாடி திர்சாவின் மூக்கோடு போய்விட்டது.
நான் ஹிக்மத்தோடு வந்திருந்தேன்,
வாசலில் மாட்டிவிட்ட சாம்பல் அங்கிக்குள்.
அவர் குர்ஆனைத் திறந்தார், மூடினார்.
"மனப்பாடம்தான். ஆனாலும்
எழுத்தைப் பார்த்தால்தான்
ஓதின மாதிரி இருக்கும்."

போனேன். அங்கியைக் கழற்ற மறந்து.
அந்த வாசலில் நின்ற சிப்பாய்க்கு
பத்தொன்பது வயது இருக்கலாம்.
"முஸ்லிமா?"
"ஆர்மேனியக்காரி."
"அப்படியென்றால்?"
"கண்ணாடிக் கடை."
அவனுடைய பட்டியலில் அது இல்லை போலும், விட்டுவிட்டான்.

திரும்பி வருகையில் கருவி கத்தியது.
"யாருடைய கண்ணாடி இது?"
யோசித்துப் பார்த்தேன்.
"இப்போது அவருடைய முறை" என்றேன்.

மொத்தம் நான்கு நடை.
ஏற்பாட்டாளர் படமெடுக்க ஓடி வந்தார்.
எடுக்க என்ன இருக்கிறது,
வரிசையில் நிற்கிற ஒருத்தி,
கையில் கீறல் விழுந்த பிளாஸ்டிக்.

கடைசி நடையில் சிப்பாய் எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடியை வாங்கித் தானே போட்டு
என்னைப் பார்த்தான்.
"எல்லாம் மங்கல்."
"உனக்கு இன்னும் வயதாகவில்லை.
நாற்பத்தைந்து வரை இரு, தம்பி.
அப்புறம் கடைக்கு வா."
அவன் சிரிக்கவில்லை.
துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பும் வழியெல்லாம் சண்டை.
யார் கிணறு, யார் ஒலிவ மரம், எந்த வருடம்.
திர்சா விரல் விட்டு எண்ண
ஹிக்மத் வேறு விரலிலிருந்து எண்ணினார்.
ஏற்பாட்டாளர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

இருவருக்கும் நடுவே, இருக்கையில்
கால் மடக்கிக் கிடந்தது கண்ணாடி.
யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று
எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.
வலது திருகு தளர்ந்திருந்தது.